தையல் ஆறும் வரை

எட்டாம் நாள் காலையில் அம்மா என் தையல் மேல் இருந்த காஸ் துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காஸும் பேண்டேஜும் நெய்கிறார்கள். அந்தத் துணியை மடித்துக் கட்டுகிற வேலையில் இருபது வருஷம் இருந்தவள் அம்மா. துணி எதை உறிஞ்சினால் எப்படிக் காயும் என்று அவள் விரலுக்குத் தெரியும். "இது வேர்வை இல்ல தாயி. நடுவுல ஈரமா இருக்கு, ஓரத்துல மஞ்சளாக் காஞ்சிருக்கு. வாடை வேற வருது. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

முந்தின இரவு முழுக்க எனக்குக் குளிர் நடுக்கம் இருந்தது. பால் கட்டினால் அப்படித்தான் காயும் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பிப் படுத்திருந்தேன். அந்தத் துணியை அம்மா பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் படுத்தே இருந்திருப்பேன்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவள் தாய் மட்டுமல்ல, வயிற்றில் பெரிய அறுவை நடந்த நோயாளியும்கூட. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த ஆண்பிள்ளையை வீட்டில் எப்படி வைத்துப் பார்ப்போம்? எழுந்தால் கைகொடுப்போம், குடத்தைத் தொட விடமாட்டோம், ராத்திரி அவனைத் தூங்க விடுவோம். அதைவிடப் பெரிய காயத்தோடு வருகிறவள் கையில் ஒரு குழந்தையையும் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியும் விடுகிறோம். தொட்டில் பக்கமே எல்லாக் கண்ணும் திரும்பி இருப்பதால் கட்டிலில் கிடப்பவளின் காய்ச்சல் யாருக்கும் தெரிவதில்லை.

எனக்கு நடந்தது

நிறை மாதம். நடுராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் காட்டிவந்த ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த நேரத்தில் மதுரை ரோட்டில் லாரிகள் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் சாயங்காலம் வரை வலி எடுத்தது, ஆனால் கர்ப்பப்பை வாய் திறந்தது பாதியோடு நின்றுவிட்டது. குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் பேச்சை நிறுத்தியபோதே எனக்குப் புரிந்தது. உள்ளேயே குழந்தை மலம் கழித்திருந்தது. அரை மணி நேரத்தில் முதுகில் ஊசி, பச்சைத் துணி, தலைக்கு மேல் விளக்கு.

குழந்தையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கர்ப்பப்பை சுருங்கவில்லை. பிள்ளை வெளியே வந்ததும் கை முஷ்டி மாதிரி இறுக வேண்டிய தசை அது. இறுகினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்து ரத்தக் குழாய்கள் அடைபடும். நீண்ட நேரம் வலி எடுத்துக் களைத்த கர்ப்பப்பை சில நேரம் இப்படித் தளர்ந்துவிடும். ஊசி மேல் ஊசி போட்டார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எனக்கு நினைவிருப்பது தரையில் யாரோ வேகமாக நடந்த செருப்புச் சத்தம் மட்டும்தான். குழந்தைக்கு மூச்சுத் திணறல் இருந்ததால் அன்றிரவே மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை, இந்தப் பக்கம் எழுந்து உட்கார முடியாத நான்.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்கு அல்ல. பெரும்பாலான ஆபரேஷன் பிரசவங்கள் இவ்வளவு சிக்கலாவதில்லை. ஆனால் எனக்கு அன்று எதிலும் தயாரிப்பு இல்லை. நீங்கள் என்ன தயாராக வைத்துக்கொள்ளலாம் என்பதை இனி எழுதுகிறேன்.

எட்டாம் மாதத்திலேயே செய்ய வேண்டியவை

சுகப்பிரசவம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாலும் இதைச் செய்துவையுங்கள். உங்கள் ரத்த வகை உள்ளவர்கள் இரண்டு பேர், நடுராத்திரி கூப்பிட்டால் வரக்கூடியவர்கள், யார் என்று முடிவு செய்து அவர்கள் செல்போன் எண்ணை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உங்களுக்கு நெகட்டிவ் வகை என்றால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். பிரசவ பரபரப்பில் அது நழுவக்கூடாது.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. எனக்கு 9-க்குப் பக்கத்தில் இருந்தது. "எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம். கையில் இருப்பு குறைவாக இருக்கும்போது வந்த செலவு மாதிரிதான் அந்த ரத்தப்போக்கு எனக்கு ஆனது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குப்பையில் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், டிரிப்ஸ் வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும்.

அடுத்தது வண்டி. 108 இருக்கிறது, அதோடு தெருவில் ஒரு ஆட்டோக்காரரிடமும் சொல்லிவையுங்கள். தேதி ஆடி மாதத்தில் வருகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ஆடிப்பூரத் தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகளைச் சுற்றி எந்த வண்டியும் சுலபமாக நகராது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு வேறு வழி இருக்கிறதா, இல்லையென்றால் அந்த நாளில் எங்கே தங்குவது என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வந்துவிட்டதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். பதிவு தாமதமானால் அதுவும் தாமதமாகும்.

கையெழுத்துக் கேட்கும்போது

அவசரத்தில் நீட்டுகிற காகிதத்தில் உங்கள் கணவரோ அப்பாவோ கையெழுத்துப் போடுவார்கள். நீங்கள் நினைவோடு இருந்தால் நீங்களே கேளுங்கள்: எதற்காக ஆபரேஷன், இப்போதேயா அல்லது கொஞ்சம் பொறுக்கலாமா, முதுகில் ஊசியா முழு மயக்கமா. பதில் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும். "குழந்தைக்குத் துடிப்பு குறையுது" என்ற மூன்று வார்த்தை எனக்குப் பின்னாளில் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. காரணம் தெரியாமல் வயிறு அறுபட்டவர்கள் வருஷக்கணக்கில் அதையே நினைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கூடவே கருத்தடைக்குக் காப்பர்-டி வைப்பதாக இருந்தால் அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். வைத்தார்களா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டதால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று ஊரே சொல்லும். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் வருகிற வலிக்குக் கூன்போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பதும், தளர்ந்த வயிற்றுத் தசையும்தான் பெரும்பாலும் காரணம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் அடங்குகிற தலைவலி ஆபரேஷனுக்கு அடுத்த சில நாட்களில் வந்தால் அது ஊசியோடு தொடர்புள்ளது. பொறுத்துக்கொண்டு இருக்காமல் சொல்லுங்கள், அதற்கு மருத்துவம் இருக்கிறது.

முதன்முதலாக எழுவது

மறுநாள் காலை, சிறுநீர்க் குழாயை எடுத்ததும், எழுந்து நடக்கச் சொல்வார்கள். கொடுமை என்று தோன்றும். ஆனால் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது, அதற்காகத்தான் சொல்கிறார்கள். நான் மல்லாந்து படுத்தபடியே தலையைத் தூக்கி எழப் பார்த்தேன். வயிறு இரண்டாகப் பிரிகிற மாதிரி இருந்தது. வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார். "இப்படி எந்திரிக்கக் கூடாது கண்ணு. மொதல்ல ரெண்டு முட்டியையும் மடக்கு. ஒருச்சாய்ஞ்சு படு. இப்ப காலை மட்டும் கீழ தொங்கவிடு. கையை ஊனு. வயித்த விட்டுரு, கையே தூக்கிவிடும்." அப்படியே எழுந்தேன். கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, தலைசுற்றல் நின்ற பிறகு அம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை ஆறு எட்டு வைத்தேன். ஆறு வாரமும் அந்த முறையில்தான் எழுந்தேன்.

இருமல், தும்மல், சிரிப்பு மூன்றும் தையலைப் பிடித்து இழுக்கும். ஒரு சின்னத் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். அதே தலையணை வீட்டுக்குப் போகும் வண்டியிலும் மடியில் இருக்கட்டும், ஒவ்வொரு வேகத்தடையிலும் அது வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் பிரசவமானால் வீட்டில் கொண்டுவிட 102 வண்டி இலவசம்.

குழாய் எடுத்து ஆறு மணி நேரத்தில் சிறுநீர் போகவில்லை என்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். வலிக்கு மருந்து கேட்க வெட்கப்படாதீர்கள். பால் கொடுப்பவர்களும் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமாலைப் பயமில்லாமல் போடலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பவளுக்கு நடக்கவும் முடியாது, பிள்ளையை ஒழுங்காகப் பிடித்துப் பால் கொடுக்கவும் முடியாது.

பால்

ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒரு நாள் இரண்டு நாள் தாமதமாகலாம். ரத்தம் அதிகம் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் "இவளுக்குப் பாலே இல்ல" என்று தீர்ப்பு எழுதி, பவுடர் டப்பா வந்துவிடும். முதல் இரண்டு நாள் வருகிற மஞ்சள் பால் சங்களவுதான் இருக்கும். குழந்தையின் இரைப்பைக்கு அது போதும். சேனை என்று சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதை அன்போடு மறுத்துவிடுங்கள்.

என் பிள்ளை மதுரையில் இருந்ததால் நான் கையால் பீய்ச்சினேன். முதல் தடவை கால் பாலாடை கூட வரவில்லை. ஆனாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், விடாமல் செய்யச் சொன்னார் ஒரு சிஸ்டர். மூன்றாம் நாள் விடியற்காலையில் நைட்டி நனைந்தது. கொதிக்க வைத்த சின்ன ஸ்டீல் டப்பாவில் பாலை எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, என் மச்சினன் மதுரை பஸ்ஸில் கொண்டுபோனான். நம் ஊர் வெயிலில் பீய்ச்சிய பாலை வெளியே வைக்காதீர்கள், ஐஸில் வைத்து அனுப்புங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. உங்கள் குழந்தை அங்கே சேர்க்கப்பட்டால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

பிள்ளை பக்கத்தில் இருந்தால் மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள். அல்லது கட்டைப்பையை இடுக்கிக்கொள்வது மாதிரி, குழந்தையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளில் இடுக்கிக் கொடுங்கள். தையல் மேல் உதைபடாது.

பத்தியம், குளியல், பால்கோவா

இங்கேதான் வீட்டில் சண்டை வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு. சாப்பிடுங்கள். தப்பு எங்கே என்றால் கீரை குளிர்ச்சி, பழம் சளி, பருப்பு மந்தம் என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வருவதில்தான். ரத்தம் இழந்த உடம்புக்கு முட்டையும் பருப்பும் கீரையும் இல்லாமல் எதை வைத்துத் தையல் சேரும்? தண்ணீர் குடித்தால் வயிற்றில் கோர்த்துக்கொள்ளும், தொப்பை விழும் என்பதும் சரியல்ல. தண்ணீரைக் குறைத்ததால் மலம் இறுகி, நான்காம் நாள் முக்கியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் இருக்கட்டும்.

குளியல் விஷயத்தில் என் பெரியம்மாவை நான் எதிர்க்க வேண்டியிருந்தது. பிள்ளை பெற்றவளை நிற்க வைத்து, கை பொறுக்காத சூட்டில் தண்ணீரை வீசி வயிற்றில் அடிப்பது நம் பக்கத்து வழக்கம். கர்ப்பப்பை சுருங்கும் என்பார்கள். தையல் போட்ட வயிற்றில் அதைச் செய்யவே கூடாது. பெரியம்மாவுக்குக் கோபம். "நாங்க எத்தன பிள்ளைக்குத் தண்ணி ஊத்தியிருக்கோம்" என்றார். அம்மாதான் பதில் சொன்னாள்: "அக்கா, அதெல்லாம் தானாப் பொறந்ததுக. இது தச்ச துணி. புதுத் தையல்ல தண்ணிய அடிச்சா நூலு நிக்குமா?" பெரியம்மா சொம்பைக் கீழே வைத்தார். மிதமான சூட்டில், தோளிலிருந்து வழியவிட்டுக் குளித்து, தையலைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். மஞ்சள், சாம்பல், தேங்காயெண்ணெய் எதையும் அதன் மேல் பூசாதீர்கள். வயிற்றைத் துணியால் கட்டுவதானால் டாக்டரிடம் கேட்டு, மூச்சுவிடும்படி தளர்வாகக் கட்டுங்கள். வேர்க்கும்படி இறுக்கினால் தையல் ஈரத்திலேயே ஊறும்.

பார்க்க வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு அது பிரச்சினை, ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமியும் சுலபமாகப் பிடிக்கும். பிரசவ லேகியத்தில் இருக்கும் கருப்பட்டியும் சர்க்கரைதான். அப்படிப்பட்டவர்கள் ஆறு வாரம் கழித்து மறுபடியும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தையலைப் பாருங்கள், பார்க்கச் சொல்லுங்கள்

தையல் அடிவயிற்று மடிப்புக்குக் கீழே இருப்பதால் உங்களால் பார்க்க முடியாது. தினமும் ஒரே ஆள் பார்க்கட்டும், அப்போதுதான் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும். கை கழுவிவிட்டுப் பார்க்கட்டும். சிவந்து சூடாகிறதா, ஒரு பக்கம் மட்டும் உப்புகிறதா, ஈரம் கசிகிறதா? எனக்கு எட்டாம் நாள் வந்தது. பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள்தான் சீழ் வெளிப்படும். இரண்டு தையலைப் பிரித்து, சீழை எடுத்து, பன்னிரண்டு நாள் தினமும் காஸ் வைத்துக் கட்டினார்கள். முதல் நாள் டிரஸ்ஸிங் முடிந்ததும் அம்மா அந்த காஸ் கட்டைக் கையில் எடுத்து மடிப்பை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தாள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, நாற்றமடிக்கும் போக்கு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், கண் மங்கலோடு வரும் கடும் தலைவலி: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் ரத்தக் கொதிப்பு ஏறும், வலிப்பும் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

"சுகப்பிரசவமா?"

வருகிற எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. இல்லை என்றதும் ஒரு "ச்சொ". என் தலையணை நனைந்ததில் பாதி அந்த "ச்சொ"வுக்குத்தான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் ஆபரேஷன், நாடு முழுவதற்கும் 21.5. இவ்வளவு தேவையா என்று கேட்பது நியாயமான கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் தையலோடு கிடப்பவளின் கட்டிலருகே நின்று கேட்க வேண்டியதல்ல. 1882-இல் ஜெர்மனியில் மாக்ஸ் சேங்கர் என்ற மருத்துவர் கர்ப்பப்பையையே தைத்து மூடும் முறையை எழுதி வைக்கும் வரை, பெரும்பாலும் அதைத் தைக்காமலே விடுவார்கள், பெரும்பாலான தாய்மார்கள் இறந்துபோவார்கள். எனக்கு உயிர் கொடுத்தது அந்தத் தையல் நூல்தான்.

முதல் பத்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, பிள்ளை மேல் பிடிப்பு இல்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் அது நோய். அதற்கு மருந்தும் உண்டு. மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். செருப்புச் சத்தம் கேட்டால் எனக்கு மூன்று மாதம் வரை நெஞ்சு அடித்தது. ஒருநாள் என் கணவரிடம் சொன்னேன். அதன் பிறகு அவர் வீட்டுக்குள் வரும்போது வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

வேலைக்குத் திரும்புவது

ஆறு வாரம் வரை பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற அன்று குடம் குடமாகப் பிடித்து வைக்க வேண்டும். அன்றைக்கு யார் பிடிப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் நீங்களே குனிந்துவிடுவீர்கள். மில் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு, இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு நூல் அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடுகிற வேலைக்கு நாற்பதாம் நாளே போகாதீர்கள். பஸ்ஸில் போய்வரும்போது பால் கொடுக்க வேண்டியிருந்தால், 2015-இலிருந்து பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை இருக்கிறது. பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் காகிதம்

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போது நின்று படித்துப் பாருங்கள். ஆபரேஷனுக்குக் காரணம், கர்ப்பப்பையில் வெட்டு எந்தத் திசையில், எவ்வளவு ரத்தம் ஏற்றினார்கள், என்ன மருந்து ஒத்துக்கொள்ளவில்லை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்த பிரசவம் சுகமாக நடக்க வாய்ப்பிருக்கிறதா என்பதை அந்த வெட்டையும் வைத்துத்தான் சொல்வார்கள். இதில் எது விடுபட்டிருந்தாலும் எழுதித் தரச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்து உங்கள் அம்மாவுக்கும் அனுப்பிவையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் விடாமல் போடுங்கள்.

ஆறாவது வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காட்டப் போனேன். பஸ் படியில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினேன். டாக்டரம்மா தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். ரத்தம் 10.4-க்கு ஏறியிருந்தது. அடுத்த குழந்தைக்கு இரண்டு வருஷமாவது போகட்டும் என்றார். "அதையும் இதுல எழுதிக் குடுங்க டாக்டர், வீட்டுல காட்டணும்" என்று சம்மரியை நீட்டினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.